தூரின் கதையும் படிப்போர் கண்ணீரும்

முடிவு இன்னதென்று முன்னரே அறிந்த கதையைப் பன்முறை படிப்போரும், அதன் துன்பப் பகுதியை அணுகுந்தோறும் நெஞ்சு பதைத்துக் கண்ணீர் உகுத்தல் உலகியலில் எங்குங் காணப்படுவதொன்றாம். கதைத்தலைவன் கேடு நிறைந்த வழியிற் கால் வைக்குங்கால், 'அவ்வழிச் செல்லாதே' என அவர் உள்ளம் அலறுகின்றது. அவன் சென்றே தீர்வன் என்பதனை அவர் அறியாதவரல்லர். முன்னொருகால் அதே ஏட்டில், அதே பக்கத்தில், அவன் சென்று மாய்ந்ததனைக் கண்டவரே அவர். அச்சேறிய எழுத்து ஓரிரவில் மாறிவிடப் போவதுமில்லை. மாறாதென நன்கறிந்தும் மாறுதல் வேண்டுமென விழைகின்ற இவ்விழைவு அறிவின்பாற்படுமோ, மயக்கத்தின்பாற்படுமோ என்பது ஆராயற்பாலது.

மேனாட்டு மெய்ந்நூற் புலவர் இதனைச் சார்ந்ததொரு வினாவை நெடிது ஆராய்ந்துள்ளனர். 1975ஆம் ஆண்டில் காலின் ராட்போர்டு என்பார், உலகில் என்றும் வாழ்ந்திராத அன்னா கரேனினா என்னுங் கதைமகளுக்காக ஒருவன் வருந்துதல் எங்ஙனம் இயலுமென வினவி, மக்கள் அங்ஙனம் வருந்துதல் உண்மையே. ஆயின் அவ்வருத்தம் அறிவொடு பொருந்தாத தொன்றென முடிவு கூறினர். மூன்றாண்டு கழித்து, அமெரிக்க நாட்டுக் கெண்டல் வால்டன் என்பார், திரைப்படத்தில் ஊர்ந்துவரும் பசிய கூழொன்றைக் கண்டு நடுங்குவான் ஒருவனை எடுத்துக்காட்டி, அவனது அச்சம் மெய்யச்சமன்று, சிறுவர் விளையாட்டிற்போலத் தானே மேற்கொண்டதோர் அச்சமென்றனர். இவ்விளக்கம் கூரியதே. எனினும், நள்ளிரவில் விளக்கருகே அமர்ந்து விம்மி அழுதானொருவனிடஞ் சென்று, 'நீ அழுதது அழுகையன்று' என்று கூறின் அவன் அதனை ஏற்பானோ என்பது ஐயமே. உளநூல் வல்ல ரிச்சர்டு கெரிக் என்பார், முடிவறிந்த கதையிலும் நெஞ்சு துடித்தல் உண்டென்பதனை ஆய்வினாற் காட்டி, வாழ்க்கையில் எந்நிகழ்ச்சியும் இருமுறை அப்படியே நிகழாமையின், மனம் ஒவ்வொன்றனையும் புதியதாகவே எதிர்கொள்ளப் பழகிவிட்டதென்று காரணங் கூறினர்.

இவையெல்லாம் கதைமாந்தர் உளரோ இலரோ, முடிவு தெரியுமோ தெரியாதோ என்பன பற்றிய ஆராய்ச்சிகள். கதைக்குள்ளேயே ஊழ் என்பதொன்று கூறப்பட்டு, 'இவன் கெட்டே தீர்வன்' என நூலே முற்பட அறிவித்துவிடுமாயின் அப்பொழுது படிப்போர் உள்ளம் என் செய்யும் என்னும் வினா அவற்றுள் நன்கு தொடப்படவில்லை. ஏட்டின் எழுத்து ஒரு தளை. கதையிற் கூறப்பட்ட சாபம் மற்றொரு தளை. இரு தளையிட்டுக் கொணரப்பட்டவன்மாட்டும் படிப்போர் நம்பிக்கை வைத்தலை விடுகின்றிலர். இதற்கு ஆங்கில மொழியில் எழுந்த கற்பனைப் பெருங்கதைகளுள் ஜே. ஆர். ஆர். டோல்கீன் இயற்றிய தூரின் கதையினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

டோல்கீன் 1892ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவிலுள்ள புளூம்பொன்டீன் நகரிற் பிறந்தவர். நான்காண்டுச் சிறுவராயிருந்தபொழுது தந்தையையும், 1904ஆம் ஆண்டிற் பன்னிரண்டு வயதில் தாயையும் இழந்தவர். மாணவராயிருந்த காலத்துப் பின்லாந்து நாட்டுக் 'கலேவலா' என்னும் பழங்கதைத் தொகுதியைக் கண்டு அதன்கண் உள்ள குல்லெர்வோ என்பான் வரலாற்றில் உள்ளம் பறிகொடுத்தார். தன் உடன்பிறந்தாளை இன்னாளென்று அறியாது கூடி, அறிந்தபின் தன் வாளின்மேல் வீழ்ந்து மாய்ந்தவன் அவன். அக்கதையைத் தமது நடையில் எழுதத் தொடங்கியது 1914ஆம் ஆண்டளவில். அவ்வாண்டிற்றானே பெரும்போர் மூண்டது. 1916ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளிற் சோம் ஆற்றுப் போரில் அவருடைய பள்ளித் தோழர் ராபர்ட் கில்சன் வீழ்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் ஜெப்ரி பேக் ஸ்மித் என்னும் மற்றொரு தோழர் புண்பட்டு மாண்டார். டோல்கீன் தாமும் அப்போர்க்களத்தில் நின்று, காய்ச்சலுற்று நாடு திரும்பியவரே. குல்லெர்வோவின் கதை அதன்பின்னர் அவர் உள்ளத்திற் கிடந்து, வேறு வடிவுற்று, தூரின் கதையாயிற்று. உரையாகவும் செய்யுளாகவும் மீண்டும் மீண்டும் எழுதினார், முடித்தாரல்லர். 1973ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின் மகனார் கிறிஸ்டோபர் அவர்களே அதனை 1977ஆம் ஆண்டிற் 'சில்மரில்லியன்' என்னும் நூலில் ஒரு பகுதியாகவும், 2007ஆம் ஆண்டில் 'தி சில்ட்ரன் ஆஃப் ஹூரின்' என்னுந் தனி நூலாகவும் வெளியிட்டனர்.

கதை இது. மோர்கோத் என்பான் தீமைக்கெல்லாம் முதல்வனாய் வடதிசையில் வீற்றிருப்பவன். அவனொடு பொருத பெரும்போரிற் சிறைப்பட்ட ஹூரின் என்னும் மானிடத் தலைவன், மறைநகரொன்றன் இருப்பிடத்தைக் கூற மறுத்து அவனை எள்ளி நகையாடினான். அதனாற் சினந்த மோர்கோத், ஹூரினின் மனைவி மோர்வென்மேலும் மக்கள்மேலும் தீராச் சாபமிட்டு, உயர்ந்ததோர் மலைமுகட்டிற் கல்லிருக்கையில் ஹூரினை அமர்த்தி, அசையவொட்டாது பிணித்து, தன் கண்களாலேயே அவர்க்கு நேர்வன யாவும் கண்டுகொண்டிருக்குமாறு செய்தான். இருபத்தெட்டாண்டு அவ்விருக்கை அவனுக்கு வாய்த்தது.

மகன் தூரின் அப்பொழுது எட்டாண்டுச் சிறுவன். பகைவர் நாட்டைக் கவர்ந்தமையின் தாய் அவனைத் தோரியத் என்னுங் காட்டரசுக்கு அனுப்பிவிட்டாள். தானும் உடன் சென்றிருக்கலாம். பிறர் மனையிற் கையேந்தி வாழ்தல் தன் குடிக்குத் தகாதென எண்ணித் தங்கிவிட்டாள். தோரியத்தின் வேந்தன் தின்கோல், மூவா இனத்தவனாகிய எல்ஃப் அரசன், தூரினைத் தன் மகனெனவே வளர்த்தான். காளையான தூரினை அவ்வரண்மனையிற் சயெரோஸ் என்பானொருவன் விருந்தில் இழித்துரைத்து, அவன் நாட்டுப் பெண்டிரையும் பழித்தனன். தூரின் குடிகலத்தை எறிந்து அவன் முகத்தைப் பிளந்தான். மறுநாள் சயெரோஸ் பின்னிருந்து தாக்க, தூரின் அவனை மடக்கி, ஆடை களைந்து, காட்டினூடே விரட்டினான். அஞ்சி ஓடியவன் மலைப்பிளவொன்றைத் தாண்ட முயன்று வீழ்ந்து மாண்டான். தூரின் கொல்ல எண்ணினானல்லன். 'வேந்தன் அவைக்கு வந்து உண்மை கூறுக' என்று அங்கிருந்தோர் வேண்டினர். அவனோ, குற்றவாளி போல நின்று தீர்ப்புக் கேட்டல் தனக்கு இழுக்கென்று காட்டிற் புகுந்து கள்வரொடு கூடினான். வேந்தன் உண்மையை ஆராய்ந்து மன்னித்தான்; ஆருயிர்த் தோழனாகிய பெலெக் அம்மன்னிப்பைச் சுமந்துகொண்டு காடெல்லாந் தேடி அவனைக் கண்டு கூறினான். தூரின் திரும்பினானல்லன்.

இவ்விடத்திற்றான் படிப்போர் முதன்முறை ஏட்டை மடியில் வைத்துவிட்டுப் பெருமூச்செறிவர். கதவு திறந்தே இருக்கின்றது. திறந்த கதவின் வழியே வெளிச்சம் தெரிகின்றது. மோர்கோத்தின் கை ஆண்டு யாதுஞ் செய்ததாக நூல் கூறவில்லை; சிறுவயதினின்றும் தாய் ஊட்டிய பெருமிதம் ஒன்றே அவன் காலைத் தடுக்கின்றது.

பின்னர் வருவன இன்னுங் கொடியன. ஓர்க் என்னுங் கொடும்படைஞர் தூரினைச் சிறைப்படுத்திக் கொண்டு செல்ல, பெலெக் பின்தொடர்ந்து, இருளில் அவன் தளையை அறுக்கின்றான். வாள்முனை தூரின் அடியிற் படுகின்றது. மயக்கந் தெளிந்தவன் பகைவனே தன்னை வதைக்க வந்தானென்று கருதி வாளைப் பறித்துக் குத்திவிடுகின்றான். மின்னலொன்று வெட்ட, அவ்வொளியிற் கீழே கிடப்பவன் முகத்தைக் காண்கின்றான். இஃது எவர் குற்றம்? இருளின் குற்றமோ, வாளின் குற்றமோ, சாபத்தின் குற்றமோ என்று வினவலாம். தூரின் குற்றமென்று கூற நா எழாது. மன்னிப்பை மறுத்தமை அவன் செயல். தோழனைக் கொன்றமை அவன் கையாற் போந்ததாயினும் அவன் செயலென்று சொல்லவியலாதது. இரண்டனையும் ஒரே கயிற்றில் கட்டிவைத்தமையே இந்நூலின் வன்மை. படிப்போர் இது விதி, இது விழைவு என்று பிரித்துக்கொண்டு போகமுயலின், அடுத்த பக்கம் அப்பிரிவைக் கலைத்துவிடும்.

நார்கோத்ரொந்த் என்னும் மலைக்குகை நகரிற் கரந்துறைந்த காலத்துத் தூரின் தன் பெயரை மறைத்து வாழ்ந்தான். அவனுண்மைப் பெயரைக் குவிந்தோர் என்னும் நண்பன் வெளிப்படுத்தியபொழுது, ஒளிந்திருந்த ஊழை என்மேல் அழைத்துவிட்டனையே என்று அவனை வெகுண்டான். ஊழ் பெயரில் இல்லை, நின்னிடத்தே உளது என்னுங் கருத்தினனாய்க் குவிந்தோர் விடையிறுத்தான். கதை முழுவதும் தூரின் பெயர்களை மாற்றிக்கொண்டே செல்கின்றான். தீங்கிழைக்கப்பட்டோன் என்று ஒரு பெயர். குருதிக்கறை படிந்தோன் என்று மற்றொன்று. இறுதியில் ஊழை வென்றோன் எனப் பொருள்படும் துரம்பார் என்பது. ஒவ்வொரு பெயரும் முன்னைத் துயரிலிருந்து ஓடியொளிதற்கு அவன் தேடிய புதர் போலும்.

அந்நகரின் வாயிலில் ஆற்றைக் கடக்க ஒரு பெரும்பாலம் கட்டுவித்தவனும் தூரினே. பாலத்தை இடித்துவிடுக என்று நீர்த்தெய்வத்தின் தூதர் இருவர் வந்து எச்சரித்தனர், அவன் கேளாதொழிந்தான். கிளௌருங் என்னுந் தீயுமிழ் நாகம் அப்பாலத்தின்மேலேயே ஊர்ந்துவந்து நகரை அழித்தது. அரசன் மகள் பின்துயிலாஸ், தூரின்மாட்டு அன்பு வைத்தவள், சிறைப்பட்டாள். நினக்கும் நின் கேட்டிற்கும் இடையே அவளொருத்தியே நிற்கின்றாள், அவளைக் காத்துக்கொள் என்று குவிந்தோர் உயிர்விடுங்கால் உரைத்திருந்தான். நாகமோ தூரினைக் கண்ணாற் பிணித்து நிறுத்தி, நின் தாயும் தங்கையும் நின்னாற் கைவிடப்பட்டுப் பகைவர் நாட்டில் அல்லலுறுகின்றனர் என்று கூறிற்று. அவர்கள் அந்நாட்டைவிட்டு முன்னரே தோரியத் சேர்ந்துவிட்டனர்; அஃது அவனறியான். பின்துயிலாஸ் பெயரிட்டு அலறுவதைக் கேளாது வடதிசை நோக்கி விரைந்தான். திரும்பி வந்தபொழுது அவள் மரத்தொடு சேர்த்துக் குத்துண்டு மாண்டாளென்ற செய்தியே அவனை எதிர்கொண்டது. அவள் புதைமேட்டின்மேலேதான் பின்னாளில் ஆடையின்றி, நினைவின்றி, மொழியின்றிக் கிடந்த ஒரு பெண்ணைக் கண்டெடுத்து, கண்ணீர்மகள் எனப் பொருள்படப் பெயரிட்டு மணந்துகொண்டான். நாகத்தின் மாயத்தால் நினைவிழந்த அவள், அவன் முகமறியாத் தங்கை நியேனோர்.

இனி எஞ்சியதை விரித்தல் வேண்டா. நாகத்தைத் தூரின் கொன்றான். சாகுங்கால் அது உண்மையை உமிழ்ந்தது. கருவுற்றிருந்த அவள் ஆற்றிற் குதித்தாள். அவன் தன் வாளின்மேல் வீழ்ந்தான்.

இத்துணையும் சாபத்தின் பயனே எனின், தூரினுக்காக வருந்துதற்கு இடனின்றாம். மலைமேலிருந்து உருளுங் கல் பள்ளத்தில் வீழ்ந்துடைந்ததென்று எவரும் அழுவதில்லை. இத்துணையும் அவன் பிழையே எனினும் அழுகை வாராது. சினமோ வெறுப்போ வரும். அழுகை வருகின்றமையே, அவன் வேறு செய்திருக்கக் கூடும் என்பதனையும், செய்யவொண்ணாதவாறு நெருக்குண்டான் என்பதனையும் படிப்போர் ஒருங்கே ஏற்றுக்கொண்டமைக்குச் சான்று. அறிவு இரண்டிலொன்றைக் கொள்க என்று வற்புறுத்தும். கண்ணீரோ இரண்டனையும் விடாது பற்றிக்கொண்டு நிற்கின்றது. ராட்போர்டு கூறிய பொருந்தாமை இதுவேயாயின், அப்பொருந்தாமை படிப்போர்மாட்டு மட்டும் உள்ளதன்று. தன் மகன் கெட்டவிடத்து, 'அவன் கேட்டிருக்கலாமே' என்றும் 'அவன் தலையெழுத்தே' என்றும் ஒரே மூச்சிற் புலம்பும் தாய்மாட்டும் உள்ளது.

தமிழ் படிப்போர் ஈண்டு ஒன்று கருதுதல் நன்று. மோர்கோத்தின் சாபத்தை ஊழ் என்று பெயர்த்துவிடுதல் எளிது; ஆயின் இரண்டும் ஒன்றல்ல. ஊழாவது ஒருவன் தான் செய்த வினை தன்னை நாடி வருதல். சாபமோ பிறனொருவன் பகையால் விளைந்து, குற்றமில்லாச் சிறுவன்மேற் சென்று படிவது. ஊழிற்கு முறையுண்டு, இச்சாபத்திற்கு முறையில்லை. அற்றேல், தூரினின் செருக்கும் விரைவும் வினையாய் நின்று அவனை உறுத்தன என்னலாகாதோ எனின், ஓரளவு என்னலாம். ஆயின் அவன் வினையின் சுமை பெரும்பாலும் பெலெக் மேலும் பின்துயிலாஸ் மேலும், அவனுக்கு நன்மையே செய்த நகரத்தார் மேலுமன்றோ வீழ்ந்தது! அவரவர் வினை அவரவரைச் சாருமென்னுங் கணக்கில் இக்கதையை அடைக்க முயல்வோர்க்கு அது கைகொடாது. டோல்கீன் கத்தோலிக்க சமயத்தவர். இக்கதையின் காற்றோ வடநாட்டுப் பழங்கதைகளின் குளிர்காற்று. அதனை அதன் நிலத்தில் வைத்துக் காண்டலே முறை.

அந்நிலத்தில் மற்றொரு வியப்பும் உண்டு. சில்மரில்லியனின் தொடக்கத்தில், உலகம் ஒரு பேரிசையினின்று தோன்றிற்றென்றும், அவ்விசையே ஏனை எல்லாவற்றிற்கும் ஊழ்போல்வதென்றும், மானிடர்க்கு மட்டும் அவ்விசைக்கு அப்பாலும் தம் வாழ்வை வகுத்துக்கொள்ளும் ஆற்றல் அளிக்கப்பட்டதென்றும் ஆசிரியர் கூறுகின்றார். சாவாத எல்ஃப் இனத்தார் இசைக்குட்பட்டவர். சாகும் மானிடரே விடுதலையுடையோர். தூரின் மானிடன். அந்நூலில் எவர்க்கும் இல்லாத விடுதலை பிறப்பிலேயே பெற்றவனை, எவர்க்கும் நேராத நெருக்கடியில் ஆசிரியர் நிறுத்தியிருக்கின்றார். இஃது அறியாமற் செய்ததன்று. விடுதலையில்லாதவனுக்குத் தளை ஒரு துன்பமாகாது.

சாபத்தைக் கணக்கிடுவோர் பெரிதும் மறந்துவிடுவது ஒன்றுண்டு. தூரினின் முதற்றுயர் சாபத்தால் வந்ததன்று. போருக்கு முன்னரே, அவன் ஐந்து வயதினனாயிருந்தபொழுது, நகைப்பு என்று எல்லாராலும் அழைக்கப்பட்ட மூன்று வயதுத் தங்கை வடக்கினின்று வந்த கொள்ளைநோயால் இறந்தாள். அவனும் நோயுற்றிருந்து, எழுந்தபின் அவளெங்கே எனக் கேட்டான். செவிலி, அப்பெயரை இனிச் சொல்லுதல் வேண்டா என்றாள்; தாயோ அவனைத் தேற்றினாளல்லள். வீட்டில் வேலைசெய்யும் சாதோர் என்னும் கால் ஊனமுற்ற முதியவனிடமே சிறுவன் தன் துயரைக் கூறிக்கொண்டான். பின்னர்த் தன் எட்டாம் பிறந்தநாளில் தந்தை அளித்த அருமையான கத்தியை அம்முதியவனுக்கே கொடுத்துவிட்டான். சாபம் இன்னும் பிறக்கவில்லை. துயரும் ஈகையும் பிறந்துவிட்டன. தூரினை நினைத்து அழுவோர் பலர் அவன் வீழ்ச்சியை நினைந்து அழுகின்றனர். அக்கத்தியை நினைப்போர் சிலரே.

இஃது எதனால் எனின், படிப்போர் அமர்ந்திருக்கும் இருக்கையால் என்க. மலைமுகட்டுக் கல்லிருக்கையில் ஹூரின் அமர்ந்திருந்ததனை நோக்குக. அவன் யாவும் காண்கின்றான். யாதுஞ் செய்ய மாட்டான். மகன் தவறான வழிக்குத் திரும்புதலைக் காண்கின்றான், தடுக்கும் ஆற்றலிலன். பிணிப்புண்ட அத்தந்தைக்கும், ஏட்டைக் கையிலேந்திய படிப்போர்க்கும் வேற்றுமை மிகச் சிறிதே. ஆயின் நூல் ஒன்று தெளிவாகக் கூறுகின்றது: ஹூரின் கண்டது மோர்கோத்தின் கண்களால். கண்டவை நிகழ்ந்தவையே, ஆயினும் தீமையின் ஒளியில் திரிந்து தெரிந்தவை. விடுதலைபெற்றுத் தோரியத் சென்று தின்கோலைப் பழித்து நின்றபொழுது, அரசி மெலியன் உண்மையை எடுத்துரைக்க, தான் இத்துணையாண்டும் காணாததொன்றுண்டு, அஃது அவர்கள் தன் மக்கட்குக் காட்டிய அன்பு என்பதனை ஹூரின் அப்பொழுதுதான் உணர்ந்தான். முடிவொன்றனையே கருதி, 'இவன் சபிக்கப்பட்டவன், வேறு என்னாவான்?' எனப் படித்துச் செல்வோர் அறியாமலே அக்கண்ணை இரவல் பெற்றுவிடுகின்றனர். எல்லாம் கேட்டிற்கே இட்டுச் செல்வதாக ஒரு கதையைக் காணல் தெளிவுபோலத் தோன்றும். அது பகைவன் விரும்பிய தெளிவு. மறுமுறையும் மறுமுறையும் 'திரும்பு, திரும்பு' என்று கூவும் பேதை நெஞ்சமே தன் கண்ணால் காண்பது.

டோல்கீனின் மற்றொரு பெருங்கதை, 1954, 1955 ஆண்டுகளில் வெளிவந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்', இதனை மறுபுறத்தினின்று காட்டுகின்றது. தீய மோதிரத்தை அழித்தற்குச் செல்லும் பிரோதோ, துணைவன் சாம், மோதிரத்தால் கெட்டழிந்த கொல்லும் ஆகிய மூவரும் மலைப்படிகளின்மேல் இளைப்பாறுகின்றனர். இருவரும் உறங்க, கொல்லும் திரும்பிவந்து நோக்குகின்றான். காட்டிக்கொடுக்கத் திட்டமிட்டுவிட்டவன் அவன். எனினும் அந்நொடியில் அவன் முகம் மாறுகின்றது. பசித்து மூத்துத் தளர்ந்த ஓர் எளிய உயிராய், நடுங்குங் கையால் பிரோதோவின் முழங்காலை மெல்லத் தொடுகின்றான். சாம் விழித்து, ஐயுற்றுக் கடிந்து பேசுகின்றான். அந்நொடி போய்விடுகின்றது; கொல்லும் மீண்டும் பழைய கொல்லுமாகின்றான். இக்கதை முழுவதிலும் தமக்கு மிக்க துயரந்தரும் இடம் இதுவே போலும் என்று ஆசிரியர் கடிதமொன்றில் எழுதியுள்ளார். போர்களும் சாவுகளும் நிரம்பிய நூலில், ஒரு கடுஞ்சொல்லை அவர் அங்ஙனங் குறித்தனர்.

ஈண்டு வாள் இல்லை, நாகம் இல்லை, சாபம் இல்லை. தலைவன்மேல் வைத்த அன்பினாலேயே சாம் கடிந்தான். அன்பே ஒரு கதவை அடைத்துவிட்டது. இதனைப் படிப்போர் சாமை வெறுப்பதில்லை; தம் வாழ்க்கையில் தாம் அடைத்த கதவொன்றை நினைந்து ஏட்டினின்று கண்ணை எடுத்துவிடுகின்றனர்.

அங்ஙனமாயின், கொல்லும் திருந்தியிருப்பின் மோதிரம் அழிந்திருக்குமோ? இறுதியில் நெருப்புமலையின் வாயிலில் நின்று, பிரோதோ மோதிரத்தை எறியமாட்டாது தனதென உரிமைகொள்ள, கொல்லுமே பாய்ந்து அவன் விரலைக் கடித்து மோதிரத்தொடு நெருப்பில் வீழ்ந்தான். அவன் தீயனாயே நின்றமையாலன்றோ உலகம் பிழைத்தது, ஆகலின் சாமின் கடுஞ்சொல்லும் ஊழின் ஏற்பாடே என்பர் சிலர். ஆசிரியர் அவ்வாறு கொள்ளவில்லை. கொல்லும் திருந்தியிருப்பினும் மோதிர ஆசை அவனை விட்டிராது. எனினும் அதனைக் கைப்பற்றியபின், பிரோதோவின்பொருட்டுத் தானே விரும்பி நெருப்பிற் புகுந்திருத்தல் கூடும் என்று அக்கடிதத்திலேயே எண்ணிப் பார்த்திருக்கின்றார். எழுதாத அக்கதையை எழுதியவரே நினைந்து ஏங்கினார் எனின், படிப்போர் ஏங்குதல் பேதைமையாகுமோ?

பெருங்கதைகள் அளிக்கும் மற்றொரு கண்ணீரைப் பற்றியும் டோல்கீன் பேசியிருக்கின்றார். 1939ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவை விரித்து 1947ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், எல்லாம் கெட்டதென்று நின்றவிடத்து எதிர்பாராது நன்மை திரும்பும் அத்திருப்பத்திற்கு ஒரு புதுச்சொல் படைத்து வழங்கினார். அத்திருப்பம் தோல்வியையும் துயரையும் பொய்யென்று கூறுவதன்று. அவை உண்டு, ஆயின் அவையே இறுதியல்ல என்பது அவர் கருத்து. பிரோதோவும் சாமும் மீட்கப்பட்டு மக்களால் போற்றப்படும் பகுதியை எழுதுங்கால் தாம் விட்ட கண்ணீரால் தாள் கறைபட்டதெனவும் அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். எழுதுகின்ற கை அவருடையது. என்ன வருமென்று முன்னரே வகுத்தவரும் அவரே. எனினும் வந்தபொழுது அது அவர்க்கும் அளிக்கப்பட்டதாகவே தோன்றிற்று.

தூரின் கதையிலோ அத்திருப்பம் வருவதில்லை. ஒவ்வோரிடத்திலும் அணுகி வந்து விலகிப் போகின்றது. இந்நூலைத் தாங்கவியலாது பாதியில் விடுவோரும் உளர். அவரைக் குறைகூறுதல் தகாது. முற்றும் படித்தோர் அடைவது ஆறுதலென்று கூறவும் இயலாது. 2007ஆம் ஆண்டு நூல் முடிவதோ இவ்வாறு. விடுதலைபெற்ற ஹூரின், மக்கள் இருவர் பெயரும் பொறித்த நடுகல்லின் அருகே மாலைப்பொழுதில் ஒரு கிழவியைக் காண்கின்றான். அவள் மோர்வென். இருபத்தெட்டாண்டு கழித்து அவன் வந்தமைக்கு, காலந்தாழ்த்து வந்தீர் என்கின்றாள். மக்கள் போய்விட்டனர் என்கின்றாள். பின்னர், நீர் அறிவீராயின் எனக்குக் கூறும், மகள் அவனை எங்ஙனங் கண்டடைந்தாள் என்று வினவுகின்றாள்.

அவன் அறிவான். கல்லிருக்கையில் அமர்ந்து ஒன்றுவிடாது கண்டவன் அவன். புதைமேட்டையும், மணத்தையும், ஆற்றையும், வாளையும் கண்டவன். ஹூரின் விடையிறுத்தானல்லன். இருவரும் கல்லருகே பேசாது அமர்ந்திருந்தனர். கதிரவன் மறைந்தபொழுது அவள் பெருமூச்செறிந்து அவன் கையைப் பற்றினாள். அவள் இறந்துவிட்டதனை அவன் அறிந்தான். சில்மரில்லியனிலோ, அந்திமங்கலில் அவள் முகத்தை நோக்கியபொழுது, துயரம் பதித்திருந்த வரிகள் மறைந்துவிட்டனபோல அவனுக்குத் தோன்றின என்றும் உளது.